கடுமையான வலியைக் குறைக்கும் மார்ஃபின் மலிவான மருந்துதானே, ஏழை நாடுகளில் கடைசிக்கால நோயாளிகளுக்கு ஏன் கிடைப்பதில்லை?

"இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது. நான் டாக்டர் இல்லை, அதனால் மருந்தின் அளவை என்னிடம் கேட்காதீர்கள். எலும்புவரை பரவிய புற்றுநோயோடு அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மகள், அவ்வளவுதான்.

விலைதான் காரணம் என்றால் ஆப்பிரிக்காவின் ஏழை நாடான உகாண்டாவில் முடிந்திருக்காது. அங்கே மார்ஃபின் தூளைத் தண்ணீரில் கரைத்து, புட்டியில் ஊற்றி, வாய்வழியாகக் குடிக்கக் கொடுக்கிறார்கள். டாக்டர்கள் போதவில்லை என்று 2004-லிருந்து பயிற்சி பெற்ற நர்சுகளே எழுதிக்கொடுக்கவும் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. மற்ற இடங்களில் குறுக்கே நிற்பது பயமும் லைசென்சும்தான். இந்தியாவில் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின்கீழ் பல உரிமங்கள் வாங்கவேண்டி இருந்ததால், நமக்கெதற்கு வம்பு என்று நிறைய மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் டாக்டர்களின் பயம் அப்படியே இருக்கிறது. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-ல் போட்ட கணக்குப்படி, ஆண்டுக்கு உலகம் முழுக்க விநியோகமாகும் மார்ஃபின் வகை மருந்துகள் ஏறக்குறைய 299 டன். அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன், அதாவது நூறு கிலோ.

எங்களுக்கு வாய்த்த டாக்டர் நல்லவர்தான். ஆனால் மார்ஃபின் என்று கேட்டதும், "வேண்டாம்மா, பழகிடும்" என்றார். இன்னும் சில வாரம் இருப்பாரா என்று அவரே சந்தேகப்பட்ட மனிதருக்குப் பழகினால்தான் என்ன? அப்பாவுக்குக் காலில் போர்வை பட்டாலே பல்லைக் கடித்துக்கொள்வார். படுக்கை விரிப்பை மாற்ற அவரை ஒருபக்கமாகத் திருப்பும்போது என் மணிக்கட்டைப் பிடிப்பார், விரல் பதிந்த தடம் சாயங்காலம்வரை இருக்கும்.

அப்புறம் வேறொரு மருத்துவமனையில், வலியையும் அவஸ்தையையும் குறைத்துப் பார்க்கும் பாலியேட்டிவ் கேர் பிரிவில் மார்ஃபின் கிடைத்தது. வீட்டுக்கு வந்த நர்ஸ் முதலில் சொன்னது: "வலிக்குதுன்னு சொல்றவரைக்கும் காத்திருக்காதீங்க. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்க." காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம் போட்டு டிக் அடித்துக்கொண்டே வந்தோம். கொஞ்ச நாளில் அப்பா தானாகவே ஷேவிங் செட்டை எடுத்துவரச் சொன்னார். கண்ணாடியை நான் சரியாகப் பிடிக்கவில்லை என்று திட்டும் விழுந்தது.

"மார்ஃபின் கொடுத்தே ஆளை முடிச்சிட்டாங்க" என்று வீடியோ காலில் மட்டுமே வந்து பார்த்த ஒரு சொந்தக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இங்கேயும் யாராவது அதையே எழுதக்கூடும். குறைந்த அளவில் ஆரம்பித்து, வலியைப் பார்த்துப் பார்த்து டாக்டர்தான் கூட்டினார். கடைசி சில நாள்வரை அப்பா விழித்திருந்து பேசிக்கொண்டுதான் இருந்தார். அவரைக் கொன்றது புற்றுநோய்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதல் மருத்துவமனையில் எந்தக் கவுண்ட்டரில் நின்றாலும், "கூட ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்பார்கள். ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்தவள் நான். விவரம் சொல்ல மட்டும் ஒரு ஆண் வேண்டுமாம். சித்தப்பா வந்து நின்றதும் எல்லாவற்றையும் அவரிடம் விளக்கினார்கள். அவருக்கு அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுகூடத் தெரியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு அனுப்பும் முன்பே, வாய்வழி மார்ஃபின் இருக்கிறதா, இல்லை என்றால் எந்த மருத்துவமனையில் பாலியேட்டிவ் கேர் பிரிவு இருக்கிறது என்று கேளுங்கள். நோய் விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு வாங்கிவிடுங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள். மார்ஃபினால் பெரும்பாலும் மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.