கடற்கரை மணல்ல ஒண்ணும் முளைக்காதுன்னு சொல்றாங்க, அப்புறம் இந்த வெளிநாட்டுப் புதர் எல்லாம் எப்படி பரவுது? தீ வெச்சா போயிடுமா?

தீ மட்டும் வெச்சிடாதீங்க. வெச்சுப் பட்டவன் சொல்றேன்.

நான் மலேசியாவுல குவாந்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்து டவுன்ல இருக்கேன், புல்லு வெட்டுற கன்ட்ராக்ட் எடுத்து செய்யறேன். ஆறேழு வருஷத்துக்கு முன்ன பாலோக் கடலோரத்துல ஒருத்தரோட நிலம், முன்னாடி மணல்மேடு, பின்னாடி முழுக்க அக்காசியாங்கிற வெளிநாட்டு மரம், ஆள் நுழைய முடியாது. பேக்ஹோ விட்டு அக்காசியா, மணல்மேட்டுல படர்ந்திருந்த அடப்பங்கொடி, ராவணன் மீசைப் புல்லு எல்லாத்தையும் ஒண்ணா வழிச்சு குவிச்சு கொளுத்திட்டோம். வெளியில எரிக்கிறது சட்டப்படி தப்பு, தெரியும், தப்புன்னு ஒத்துக்கிட்டுத்தான் எழுதறேன், அதுக்கு யாரும் கீழ வந்து பாடம் எடுக்க வேணாம். மழைக்காலம் முடிஞ்சு போய் பார்த்தா கீரைப்பாத்தி மாதிரி முளைச்சு நிக்குது. முதல்ல வர்ற இலை தொட்டாச்சிணுங்கி மாதிரி பொடிப்பொடியா இருக்கும், அதுக்கப்புறம்தான் அந்த அகலமான இலை வரும், அதனால எனக்கு அது அக்காசியான்னே தெரியல.

ஒண்ண பிடுங்கிட்டு வந்து அம்மாகிட்ட காட்டினேன். அம்மா தோட்டத்துல மண்ணு மூடுற கொடி போடறதுக்கு முன்னாடி அந்த விதைய சுடுதண்ணில ஊற வைக்கிற வேலை பார்த்தவங்க. "அவரை ஜாதிடா இது, விதைத் தோலு கல்லு மாதிரி, சூடு பட்டாத்தான் கண்ணு தொறக்கும், நீ பாத்தி முழுக்க அடுப்பு மூட்டிட்டு வந்திருக்க"ன்னாங்க.

அந்த விதைய கைல எடுத்துப் பாருங்க. மிளகைவிட சின்னது, கறுப்பா பளபளன்னு, ஒரு முனையில ஆரஞ்சு கலர் நூலு சுருண்டிருக்கும். அந்த நூலுல எண்ணெய்ச்சத்து, அதுக்காகவே பறவையும் எறும்பும் தூக்கிட்டுப் போகுது. விழுந்த இடத்துல வருஷக்கணக்கா தூங்கும்.

மணல்ல ஒண்ணும் முளைக்காதுங்கிறது பாதிதான் சரி. சத்து கிடையாது, உப்புக்காத்து, மண்ணும் நகர்ந்துகிட்டே இருக்கும். ஆனா மேட்டுக்குப் பின்பக்கம் உப்புக்காத்து கம்மி, புதரு முதல்ல அங்கதான் கால் வைக்கும். கொடியும் புல்லும் மூடியிருக்கற வரைக்கும் அதுக்கு இடம் கிடைக்கறது கஷ்டம், நாமதான் வண்டி விட்டு வழிச்சு இடம் கொடுக்கறோம். அக்காசியாவுக்கு வேர்முடிச்சுல காத்துலேர்ந்தே நைட்ரஜன் சத்து தானா கிடைச்சிடும், மண்ணுல சத்து இல்லன்னா என்ன. அப்புறம் இலை கொட்டி மெத்தை கட்டிடும், வெயில் இல்லாம அடப்பங்கொடி செத்துப் போகும்.

சில ஊர்ல மனுஷனே நட்டது. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல தென்னாப்பிரிக்கா பிட்டூ புஷ் செடிய, மணல பிடிச்சு நிக்கும்னு அரசாங்கமே 1946லேர்ந்து 1968 வரைக்கும் நட்டுச்சு, இப்ப அதையே பிடுங்கிகிட்டு இருக்காங்க. போர்ச்சுகல்ல அதே காரணத்துக்கு ஆஸ்திரேலிய அக்காசியாவ நட்டு, அது அடங்காம பரவினதால அதோட மொட்டுல முட்டை வெச்சு விதை பிடிக்காம பண்ற குளவிய 2015ல விட்டாங்க.

மருந்தடிச்சா போச்சுன்னு சொல்ல வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். எங்கம்மா பதினெட்டு வருஷம் முதுகுல டேங்க்கு சுமந்து பாராகுவாட்ங்கிற களைக்கொல்லி அடிச்சவங்க, கையுறை கேட்டா நாளைக்கு வரும்பாங்க, நகம் கறுத்து கழண்டு விழுந்துச்சு, மூக்குல ரத்தம் வரும், மறுநாள் காலையில பெரட்டுல, அதான் ஆள் கணக்கெடுக்கற வரிசையில, நிக்கணும். அந்த மருந்துக்கு மலேசியாவுல 2020ல தடை வந்துச்சு, அடிச்ச பொம்பளைங்கள யாரும் வந்து ஒரு வார்த்தை கேக்கல. உங்க கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா மருந்துன்னு யாராவது லேசா சொன்னா எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வருது.

நான் இப்பவும் அந்த நிலத்துக்குப் போறேன், காசு வாங்கறதில்ல. மழை பெஞ்ச மறுநாள் மணல் இளகியிருக்கும், முழங்கால் உயரத்துக்குள்ள இருந்தா வேரோட வந்துடும், பூக்க விடக்கூடாது. பிடுங்கின இடத்த சும்மா விடாதீங்க, அடப்பங்கொடித் தண்ட ஒரு முழத்துக்கு வெட்டி ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி புதைச்சிடுங்க. எனக்கு மேட்டோட கடல் பக்கம் முழுக்க பிடிச்சிருச்சு, பின்பக்கம் இன்னும் பாதி இருக்கு.