சின்ன டார்ச் இரண்டு நிமிடத்தில் மங்குவது பழுதா?

புதிதாக வாங்கிய விரல் நீள டார்ச் முழு வெளிச்சத்தில் இரண்டே நிமிடத்தில் சுடுகிறது, தானாக மங்குகிறது, மாற்றித் தரச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள், இது பெரும்பாலும் பழுதில்லை.

எல்இடிக்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் மாறுகிறது. பெரிய டார்ச்சில் அதை வாங்கிக்கொள்ள உலோகம் நிறைய உண்டு. கட்டைவிரல் அளவு அலுமினியம் என்ன செய்யும்? அதனால்தான் சர்க்யூட் வெளிச்சத்தைக் குறைக்கிறது. கையில் பிடித்தபடி எரியவிட்டுப் பாருங்கள், உள்ளங்கை கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

பெட்டியில் உள்ள எரியும் நேரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். டார்ச்களை அளப்பதற்கான அமெரிக்கத் தரமுறையான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 முறையில், வெளிச்சம் ஆரம்ப அளவில் 10 சதவீதமாக இறங்கும்வரை அந்த நேரத்தைக் கணக்கிடுவார்கள்.

நான் நடு அளவில்தான் வைத்திருப்பேன். சாவித் துளை தேட, இருட்டுப் படி இறங்க 50 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாராளம். லூமென் பாதியானாலும் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது.

அப்புறம் ஒன்று, இது முக்கியம்: பையில் போடும்போது பின்மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். பல மாடல்களில் இதிலேயே இணைப்பு துண்டிக்கப்படும். தவறிப்போய் பட்டன் அழுந்தி முழு வெளிச்சத்தில் எரிந்தால் துணி கருகும்.