போரிடவில்லை, மரண தண்டனையும் இல்லை. பிறகு ஏன் மாதா குஜ்ரியைச் சீக்கியர்கள் தியாகி என்கிறார்கள்?

வாள் ஏந்தி மடிந்தவர்களை மட்டும் தியாகி என்று எண்ணினால் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். பஞ்சாபின் சிர்ஹிந்த் நகரில் அவருடைய கடைசி நாட்களில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் எழாது.

மாதா குஜ்ரி சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூரின் மனைவி, பத்தாவது குரு கோவிந்த் சிங்கின் தாய். 1675இல் ஔரங்கசீப்பின் ஆட்சியில் டெல்லி சாந்தினி சௌக்கில் கணவரின் தலை வெட்டப்பட்டபோது மகனுக்கு ஒன்பது வயதுகூட நிறையவில்லை. அந்தப் பிள்ளையைப் பஞ்சாபின் ஆனந்த்பூரில் ஆளாக்கியதில் இவருக்கும் இவருடைய சகோதரர் கிர்பால் சந்துக்கும் பெரும் பங்கு உண்டு.

1704 டிசம்பரில் (1705 என்று கணக்கிடுவோரும் உண்டு), முகலாயப் படைகளின் மாதக்கணக்கான முற்றுகைக்குப் பிறகு குரு கோவிந்த் சிங்கின் குடும்பம் ஆனந்த்பூரை விட்டுக் கிளம்பியது. பத்திரமாகப் போகலாம் என்று சத்தியம் செய்து கொடுத்தவர்களே துரத்தி வந்து தாக்கினார்கள். சர்சா ஆற்றில் வெள்ளம். ஆளுக்கொரு திசையாகச் சிதறிவிட்டார்கள். எண்பது வயதை எட்டிய மாதா குஜ்ரியிடம் எஞ்சியவர்கள் சுமார் 9, 6 வயதுப் பேரன்கள் ஜோராவர் சிங்கும் ஃபதே சிங்கும்தான். வீட்டில் சமையல் செய்த கங்கு தன் கிராமத்துக்கு அழைத்துப் போனான். அப்புறம் மொரிண்டா அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்துவிட்டான்.

சிர்ஹிந்த் நவாப் வசீர் கான் மூவரையும் அடைத்தது தண்டா புர்ஜ் என்ற கோபுரத்தில். கோடை வெயிலுக்கு இதமாக, நாலா பக்கமும் காற்று வரும்படி கட்டியது. பஞ்சாபின் டிசம்பர் குளிரில் அங்கே போர்த்திக்கொள்ளக்கூட ஒன்றுமில்லாமல் வைத்தார்கள். மோதி ராம் மெஹ்ரா என்பவர் உயிரைப் பணயம் வைத்து இரவில் பால் கொண்டுவந்து கொடுத்தார் என்று மரபு சொல்கிறது.

பகலில் பிள்ளைகளைத் தர்பாருக்கு இழுத்துப் போவார்கள். மதம் மாறினால் செல்வம், மறுத்தால் சாவு. மறுத்துவிட்டு மறுபடியும் பாட்டியிடம் வருவார்கள். நான் நினைத்து நினைத்து உருகும் இடம் இதுதான். கூட இருந்த ஒரே பெரியவர் அவர். “உயிர் பிழைத்தால் போதும், சரி என்று சொல்லிவிடுங்கள் கண்ணுகளா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சொல்லவில்லை. தாத்தா எப்படி உயிர் விட்டார் என்பதைச் சொல்லித் தேற்றி, மறுநாள் காலையில் தன் கையாலேயே தலைப்பாகை கட்டி அனுப்பினார் என்றுதான் சீக்கியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். தன் உயிரைக் கொடுப்பதைவிட இது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான், குழந்தைகளைத் தண்டிப்பது தகாது என்று எதிர்த்தார். வசீர் கான் கேட்கவில்லை. பிள்ளைகளைச் சுவருக்குள் வைத்துக் கட்டிக் கொன்றார்கள். செய்தி கேட்ட அன்றே பாட்டியின் உயிரும் பிரிந்தது. கோபுரத்திலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று சொல்வோரும் உண்டு. எப்படி இருந்தாலும் நவாபின் சிறையில், கொள்கை மாறாமல் இறந்தவர். சீக்கிய வரலாற்றின் முதல் பெண் தியாகி என்று அவரைப் போற்றுவது இதனால்தான்.

மூவரின் உடலையும் எரிக்க இடம் தர நவாப் விதித்த விலை, நிலம் முழுவதும் பரப்பிய பொற்காசுகள். அதைக் கொடுத்தவர் தோடர் மல் என்ற வணிகர் என்பது மரபு. தகனம் நடந்த இடத்தில் இன்று ஜோதி சரூப் குருத்வாரா இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் சிர்ஹிந்தை ஒட்டிய ஃபதேகர் சாஹிபில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். அந்த நாட்களில் கட்டிலை விட்டுத் தரையில் படுக்கும் குடும்பங்களும் உண்டு. 2022 முதல் மத்திய அரசு டிசம்பர் 26ஐப் பேரன்களின் நினைவாக வீர் பால் தினமாக (வீரச் சிறுவர் தினம்) கடைப்பிடிக்கிறது. பள்ளிகளில் அந்தக் கதையைச் சொல்பவர்கள் பாட்டியின் பெயரையும் விடாமல் சொல்ல வேண்டும்.