பேரனை அந்த மியூசியத்துக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: மே மாதம் பேரனையும் அழைத்துக்கொண்டு நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஹிட்லரின் நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவாக நியூயார்க்கில் இருக்கும் யூத மரபு அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. "பதினோரு வயசுப் பிள்ளையை அங்கெல்லாம் கூட்டிப் போகாதே, ராத்திரி தூங்க மாட்டான்" என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: கூட்டிப் போங்கள் அம்மா. உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் எப்படிக் கூட்டிப் போவது என்று மட்டும் சொல்கிறேன். மகன் அங்கே இருந்த காலத்தில் நான் இரண்டு தடவை போயிருக்கிறேன்.

முதல் வேலையை இங்கேயே செய்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேரனை பாரிமுனைப் பக்கம் பவளக்காரத் தெருவுக்கு அழைத்துப் போங்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், தெரியாது என்பான். 17ஆம் நூற்றாண்டில் யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில், அதாவது மாநகராட்சி மன்ற உறுப்பினர்களில், யூதர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பழைய கல்லறைக் கற்கள் சில இப்போது லாயிட்ஸ் ரோட்டில், அதாவது அவ்வை சண்முகம் சாலையில், ஒரு சின்ன இடத்தில் இருக்கின்றன. இதைக் கேட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்கு அங்கே பார்க்கிறவர்கள் யாரோ எவரோ ஆக மாட்டார்கள். நம்ம ஊரில் கடை வைத்திருந்தவர்களின் சொந்தக்காரர்கள் என்று நினைப்பான்.

அப்புறம், நடந்தது என்ன என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள், அதில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள். மென்று விழுங்காமல் சொல்லுங்கள். இதை அவன் முதன்முதலாக ஒரு சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கேட்பது வேறு.

மியூசியம் மன்ஹாட்டனின் தென்கோடியில், தண்ணீர் ஓரமாக இருக்கிறது. 1997இல் திறந்தார்கள். கட்டடத்துக்கு ஆறு பக்கம், கூரையும் ஆறு அடுக்கு. அந்த 60 லட்சம் பேருக்காகவும் (ஆங்கிலக் கணக்கில் ஆறு மில்லியன்), யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரத்துக்கு இருக்கும் ஆறு முனைக்காகவும் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். டென்மார்க் கதையை மட்டும் விடாதீர்கள். நாஜிகள் பிடிக்க வந்தபோது, 1943 அக்டோபரில் அந்த நாட்டு மீனவர்களும் மற்றவர்களும் சேர்ந்து 7,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் படகுகளில் ஒளித்து, கடல் தாண்டி ஸ்வீடனில் கொண்டுபோய் விட்டார்கள். காசிமேட்டில் மீன்பிடிப் படகைப் பார்த்திருக்கிற பிள்ளைக்கு, மீன் போடுகிற இடத்தில் ஒரு குடும்பமே மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது என்றால் சட்டென்று புரியும். காப்பாற்றவும் ஆள் இருந்தார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

கடைசியில் தோட்டத்துக்கு வாருங்கள். அங்கே 18 பெரிய பாறைகள். ஒவ்வொன்றையும் குடைந்து, உள்ளே மண் போட்டு, ஓக் கன்று வைத்திருக்கிறார்கள். 2003இல், உயிர் தப்பி வந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் நட்டவை. யூதர்களின் எபிரேய மொழியில் 'உயிர்' என்ற சொல்லின் எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் 18 வரும். நம்ம கோயில் மதிலில் அரசங்கன்று தானாக முளைக்கும், பார்த்ததும் பிடுங்கிப் போடுவோம். இங்கே கல்லைக் குடைந்து குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல வைத்திருக்கிறார்கள். தண்டுக்கும் பாறைக்கும் நடுவில் இருந்த ஈர மண்ணை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். அதற்கப்புறம் ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

சனிக்கிழமை போகாதீர்கள், யூதர்களின் ஓய்வுநாள், மூடியிருக்கும். வீட்டுக்காரரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். அன்று ராத்திரி பேரன் தூங்காமல் கேள்வி கேட்டால், லைட்டைப் போட்டு எழுந்து உட்கார்ந்து தெரிந்த வரைக்கும் பதில் சொல்லுங்கள்.