மழைக்கு முன்னால் மவுஸ்ஸாகலையில் படகில் போய் நண்பர்களைப் பார்த்து அன்றே திரும்பலாமா?

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவுக்கு மே மாதக் கடைசியில் வருவதாகவும், மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து எதிர்க்கரைத் தேயிலைத் தோட்டத்து நண்பர்களைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்ப நினைப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் மே கடைசி வேண்டாம், மாதத்தின் முதல் பாதியிலேயே வாருங்கள். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மே பிற்பகுதியில்தான் பிடிக்கும். பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் நாள் கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது.

நாங்களும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் முடிகிற காலத்தில்தான் அக்கரைக்குப் போவோம். வெசாக் பௌர்ணமியோடு சீசன் முடியும், மலையடிவாரத்து நல்லதண்ணியில் கடைகளைப் பிரிப்பார்கள், அப்புறம் மழை. அதற்குள் ஒருமுறை போய் எல்லாரையும் பார்த்துவிட்டால், அடுத்த சில மாதம் போனில் பேசிக்கொண்டு காலத்தை ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா நாளாக, அதாவது பௌர்ணமி விடுமுறையாகப் பாருங்கள். வேலை நாளில் போனால் மலையில் கொழுந்து எடுக்கிறவர்களைக் கீழே நின்று பார்த்துக் கையசைத்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும்.

காலையில் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறீர்களோ அவ்வளவு நல்லது. அந்த நேரத்தில் தண்ணீர் அசையாது. பனி விலக விலக 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாதமலை மொத்தமும் முன்னால் எழுந்து நிற்கும். எனக்குத் தெரிந்து கரையில் எந்த இடத்தில் நின்றாலும் அந்தக் காட்சி கிடைக்காது. மேலே மலையைப் பார்க்கிற அதே கவனத்தில் கீழேயும் பாருங்கள். 1969இல் அணை முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. மழைக்கு முந்திய மாதங்களில் மட்டம் இறங்கும்போது கோயில், விகாரை, பள்ளிவாசல் இடிபாடுகள் வெளியே தெரியும். தெரிகிற சுவரால் தொல்லையில்லை, ஒரு முழம் தண்ணீருக்குக் கீழே நிற்கிற சுவர்தான் படகு என்ஜினின் சுழல்விசிறியை உடைக்கும். அதனால் அங்கே மீன் பிடித்துப் பழகிய ஆளின் படகாகப் பாருங்கள், மலிவு என்று யாரோ ஒருவர் படகில் ஏறாதீர்கள். ஆளுக்கொரு லைஃப் ஜக்கெட் இருக்கிறதா என்று ஏறும் முன்பே கேளுங்கள். இங்கே அதைக் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அணைப் பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொன்று, மட்டம் இறங்கியிருந்தால் அக்கரையில் இறங்கியதும் சேறுதான். கணுக்கால் வரை புதையும். ரப்பர் செருப்போடு போனால் ஒன்று சேற்றுக்குள்ளேயே தங்கிவிடும்.

பருவமழைக்கு முந்திய மாதங்களில் காலை வெயிலில் மலை சூடேறி மேகம் கட்டும், பிற்பகலில் இடி இறங்கும். வானிலை அறிவிப்பில் "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று அடிக்கடி கேட்பீர்களே, அதேதான். மழை நனைப்பதோடு சரி. அதற்கு முன்னால் மலை இடுக்கால் இறங்கி வருகிற காற்றுதான் சின்னப் படகைப் புரட்டும். நடுத் தண்ணீரில் மின்னலுக்கு உங்கள் தலையை விட உயரமான பொருள் வேறு கிடையாது. இடிச் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருக்கிற கரையில் ஒதுங்கி, கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது போன பிறகு படகை எடுங்கள். சிவனொளிபாதமலையின் தலையை இரத்தினபுரிப் பக்கத்து மேகம் மூடுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டிருங்கள். மூடிவிட்டது என்றால் பேச்சை முடித்துக்கொள்ளும் நேரம்.

ஆனால் உண்மையான சிக்கல் வானம் அல்ல, நண்பர் வீட்டுச் சாப்பாடு. போனதும் ரொட்டியும் கட்டசம்பலும் தேத்தண்ணியும் வரும். அதோடு முடியாது. "இவ்வளவு தூரம் வந்துட்டு சோறு தின்னாம போறதா?" என்று அம்மா கேட்பார், கோழி ஏற்கனவே அடுப்பில் இருக்கும். பதினொன்றரைக்குச் சாப்பிட்டு, பன்னிரண்டரைக்குள் படகில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு சொன்னால் எடுபடாது. படகுக்காரரிடமும் அதே நேரத்தைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவரும் பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) விருந்தாளி ஆகிவிடுவார்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்து போன பிறகு எங்கள் ஊரில் யாரும் மழையை லேசாக எடுப்பதில்லை. வங்கக் கடலில் தாழமுக்கம் என்று செய்தி வந்தாலோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தாலோ பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். போன இடத்தில் ஏதாவது நடந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

நேரம் தப்பி மாட்டிக்கொண்டால் படகை அக்கரையிலேயே கட்டச் சொல்லிவிட்டு ரோட்டால் வாருங்கள். வளைந்து வளைந்து சுற்ற வேண்டும், ஆட்டோவுக்குக் கொஞ்சம் காசு போகும். அதுவும் சரிப்படாவிட்டால் அங்கேயே தங்கிவிடலாம். மாற்று உடுப்பும் ஒரு ஸ்வெட்டரும் பையில் இருக்கட்டும், மே மாதத்திலும் இரவில் குளிரும்.