டூராவும் பிசிபெராவும் கலந்து வந்த தெனேரா புதிய சிற்றினமா?

மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நடப்படும் தெனேரா செம்பனை (எண்ணெய்ப் பனை), டூரா, பிசிபெரா என்ற இரண்டு வகைகளின் கலப்பு என்பதால், அதைப் புதிய சிற்றினமாகக் கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்ள முடியாது. பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் டூராவில் பருப்பைச் சுற்றியுள்ள ஓடு தடித்தும், தெனேராவில் மெலிந்தும் இருக்கும், பிசிபெராவில் பெரும்பாலும் ஓடே இராது. இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணுதான், ஆகவே மூன்றும் ஒரே சிற்றினத்தின் வகைகளே.

ஒரே கூட்டத்தின் இரு பகுதிகளுக்கிடையே மரபணுப் பரிமாற்றம் நெடுங்காலம் தடைபட்டு, இயற்கைத் தேர்வும் தற்செயலும் அவற்றை வெவ்வேறு திசைகளில் மாற்றிய பிறகே புதிய சிற்றினம் பெரும்பாலும் உருவாகிறது. பேராவின் சுண்ணாம்புக் குன்றுகளில் வாழும் சிறு நத்தைகளைப் பாருங்கள்: ஓடு வளரக் கால்சியம் தேவைப்படுவதால், குன்றுகளுக்கிடையே உள்ள அமில மண்ணை அவை கடப்பது அரிது, ஆகவே சில சிற்றினங்கள் ஒரே குன்றில் மட்டுமே காணப்படுகின்றன. (அந்தக் குன்றையே கல்லுடைத்துத் தீர்த்தால் கதை முடிந்தது.)

தடை எப்போதும் முழுமையாக இருப்பதில்லை. அட்லாண்டிக் பெருங்கடலால் பிரிக்கப்பட்ட ஆப்பிரிக்க, அமெரிக்கச் செம்பனைகள் தனித்தனிச் சிற்றினங்களே என்றாலும் அவற்றைக் கலக்க இயலும். ஆனால் அக்கலப்பு மரங்களின் மகரந்தம் வீரியம் குன்றியிருப்பதால், காய் பிடிக்க ஆட்களே மகரந்தம் தூவ வேண்டியிருக்கிறது.