எத்தனை பம்ப் அடிக்கிறாய் என்று சட்டம் கேட்காது, தம்பி

தம்பி, இங்கிலாந்தின் டெர்பிக்கு வந்து நாலு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் ஏர்கன் ஆசை வந்துவிட்டதா! திருவிழாக் கடையில் பலூன் சுட்ட கை சும்மா இருக்காதுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பக்கத்துத் தெருப் பெரியவர் கையால் காற்றடித்துச் சுடும் பழைய பம்ப் ரைஃபிளை 60 பவுண்டுக்குத் தருகிறார், பத்து பம்ப் வரை அடிக்கலாம், ஆறோடு நிறுத்தினால் சட்டத்துக்குள் இருக்கும் என்கிறார், நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பேச்சை நம்பி வாங்காதே. நீ எத்தனை பம்ப் அடிக்கிறாய் என்பது இங்கே கணக்கே இல்லை. அந்தத் துப்பாக்கியால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பதுதான் கணக்கு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவைப்படாத எல்லை, குழலை விட்டுப் பாயும் குண்டின் சக்தியில் 12 ஃபுட்-பவுண்டு, அதாவது 16.27 ஜூல். நம் இந்தியாவில் 0.177 அங்குலக் குழலுக்கு 20 ஜூல் வரை விட்டிருக்கிறார்கள். அதனால் அங்கே சாதாரணமாகக் கடையில் வாங்குகிற சாமானே இங்கே குற்றமாகிவிடலாம். எல்லையைத் தாண்டினால் அது நிஜத் துப்பாக்கி வகையில் சேரும். போலீஸ் தரும் சர்டிஃபிகேட் இல்லாமல் வைத்திருந்தால் 5 வருஷம் வரை சிறை. விசாவில் இருப்பவனுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நானும் இப்படி ஒரு பழைய 0.22 ரைஃபிளை வாங்கப் போனவன்தான். நல்லவேளை, விற்றவரே லைசென்ஸ் உள்ள துப்பாக்கி டீலரிடம் கூட்டிப் போனார். மேசைமேல் குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப். 14.5 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு, ஆறு பம்ப்: நொடிக்கு 520 அடி. எட்டு பம்ப்: 585. பத்து பம்ப்: 630. வேகத்தின் வர்க்கத்தைக் குண்டின் எடையால் பெருக்கி 450240 ஆல் வகுத்தால் ஃபுட்-பவுண்டு வரும். ஆறுக்கு 8.7, எட்டுக்கு 11. பத்துக்கு 12.8. டீலர் ரைஃபிளை எங்களிடம் திருப்பித் தரவில்லை. உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. பம்ப் தண்டின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்தார், அவ்வளவுதான். சைக்கிள் பம்பில் வாசர் அடிவரை போகாமல் இடைவெளி விட்டு நின்றால் என்ன ஆகும்? டயரில் ஓரளவுக்கு மேல் காற்று ஏறாது, நீ நாள் முழுக்க அடித்தாலும். இதுவும் அதே கதைதான். இடைவெளியில் தங்கும் காற்றின் அழுத்தமும் உள்ளே சேர்ந்த அழுத்தமும் சமமானதும் வால்வு திறக்காது. பிறகு சோதித்தபோது எட்டாவது பம்பிலிருந்து கைப்பிடி மூடியதும் தானாகவே மேலே எழும்பி வந்தது. தங்கிய காற்று தள்ளுகிறது. பத்து அடித்தாலும் பன்னிரண்டு அடித்தாலும் 590 தான், 11.2 ஃபுட்-பவுண்டு.

"முடிந்ததா?" என்றேன். "இல்லை" என்று 18 கிரெயின் குண்டை எடுத்தார். இப்படிப் பம்ப் அடிக்கும் ரைஃபிளில் பொதுவாகக் கனமான குண்டுதான் அதிக சக்தி காட்டுமாம். வேகம் 540, கணக்குப் போட்டால் 11.7. அதற்குப் பிறகுதான் பணம் கொடுத்தேன்.

சிலர் காற்று போகிற துளையைச் சின்னதாக்குவார்கள், சுடும்போது வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலின் ஸ்பிரிங்கைத் தளர்த்துவார்கள். அதுவும் குறைக்கும்தான், ஆனால் ஸ்பிரிங்கை யாரும் பழையபடி முடுக்கிவிடலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டு மேசையில் நீயே பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். எல்லை தாண்டிய சாமானாக இருந்தால், பிரிப்பதற்கு முன்பே அது உன் கையில் இருப்பதுதான் குற்றம்.

பிஸ்டல் ஆசை வந்தால் இன்னும் ஜாக்கிரதை. அதற்கு எல்லை 6 ஃபுட்-பவுண்டுதான், தாண்டினால் தடைசெய்யப்பட்ட ஆயுதம். ஸ்காட்லாந்துக்கு டூர் போகும்போது ரைஃபிளைக் காரில் போட்டுக்கொண்டு போகாதே, அங்கே 2016 டிசம்பர் 31 முதல் சாதாரண ஏர்கன்னுக்கே சர்டிஃபிகேட் வேண்டும். நீ இருக்கிற வீட்டில் குழந்தைகள் உண்டென்றாயே, 18 வயதுக்குக் கீழானவர் கை படாமல் பார்த்துக்கொள்வதும் சட்டம்தான், பூட்டியே வை.

பெரியவரிடம் இப்படிச் சொல்: "ஐயா, ரைஃபிளை நீங்களே எடுத்து வாருங்கள், டீலரிடம் அளந்து பார்ப்போம், செலவு என்னுடையது." அளக்க வருவாரானால் 60 பவுண்டு நியாயமான விலை.